லா அண்ட் ஆர்டர்: சட்டம் வேறு, ஒழுங்கு வேறு

ஒரு தெருமுனைக் கூட்டம் போட, ஒரு ஊர்வலம் போக, ஒரு சிலைக்கு மாலை போட அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்கு மனுவோடு போனவர்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியம் பழக்கமானது: 'உங்க கோரிக்கையெல்லாம் நியாயம்தான் சார். சட்டப்படி உங்களுக்கு உரிமையும் இருக்கு. ஆனா லா அண்ட் ஆர்டர் ப்ராப்ளம் ஆயிடும்.'

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். உரிமை சட்டப்படி இருக்கிறது. அந்தச் சட்டப்படியான உரிமையைப் பயன்படுத்தினால் 'சட்டம் ஒழுங்கு' கெட்டுவிடும். அதாவது சட்டத்தைக் கடைப்பிடித்தால் சட்டம் கெடும்! தர்க்கப்படி இது அபத்தம். ஆனால் சொல்கிற அதிகாரிக்கும் அபத்தமாகத் தெரிவதில்லை, கேட்கிற நமக்கும் தெரிவதில்லை. மனுவை வாங்கிக்கொண்டு வெளியே வந்து டீ குடித்துவிட்டு, 'வேற தேதி கேட்டுப் பாப்போம்' என்று பேசிக்கொள்கிறோம். ஒரு சொற்றொடர் இந்த அளவுக்கு நம் மூளையில் படிந்துபோயிருக்கிறது என்றால் அதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பிரித்துப் பார்ப்பது என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே: 'லா' தனி, 'ஆர்டர்' தனி.

1

முதலில் நம் நாட்டில் இது என்னென்ன விதமாகப் புழங்குகிறது என்று பார்ப்போம்.

ஒன்று, அரசியல் அறிக்கை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது 'சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது'. ஆளுங்கட்சியாக இருக்கும்போது 'தமிழகம் அமைதிப் பூங்கா'. தேர்தல் முடிந்து ஆட்சி மாறினால் இரண்டு கட்சிகளும் அறிக்கைகளை மாற்றிக்கொள்கின்றன. இந்தப் பயன்பாட்டில் சொற்றொடருக்குத் தனியாகப் பொருள் கிடையாது. யார் சொல்கிறார்கள் என்பதுதான் பொருள்.

இரண்டு, பதவிப் பெயர். சென்னை போன்ற நகரங்களில் ஒரே காவல் நிலையத்தில் இரண்டு இன்ஸ்பெக்டர்கள்: ஒருவர் சட்டம் ஒழுங்கு, மற்றவர் குற்றப்பிரிவு. திருட்டும் வழிப்பறியும் குற்றப்பிரிவுக்கு. கூட்டம், ஊர்வலம், பந்தோபஸ்து, சாதி மோதல் எல்லாம் சட்டம் ஒழுங்குக்கு. சைக்கிளைப் பறிகொடுத்தவனைப் பக்கத்து அறைக்கு அனுப்புகிறார்கள். நோட்டீஸ் கொடுத்தவனை இந்த அறையில் உட்கார வைக்கிறார்கள். திருட்டைக் கையாள ஒரு அறை, கூட்டத்தைக் கையாள ஒரு அறை என்றால், இந்த இரண்டாவது அறை எதைக் காவல் காக்கிறது?

மூன்று, தடை. மேலே சொன்ன 'லா அண்ட் ஆர்டர் ப்ராப்ளம்'. இது இந்திய ஆங்கிலத்தில் நன்றாக வேர்விட்ட பிரயோகம். கொலை, தீவைப்பு, கோயில் நுழைவு, சம்பள உயர்வு கேட்டு மறியல் எல்லாவற்றுக்கும் இது ஒரே பெயர். தீ வைத்தவனையும் தீயில் வெந்தவனையும் 'இரு தரப்பினர்' ஆக்கிவிடுவதுதான் இந்தப் பிரயோகத்தின் வேலை.

2

இனி சொற்கள். 'லா' என்றால் சட்டம். அதில் பெரிய குழப்பமில்லை. எழுதப்பட்டது, பிரிவு எண் உள்ளது, நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக்கூடியது. குறைந்தபட்சம் தாளிலாவது எல்லோருக்கும் பொது.

'ஆர்டர்' அப்படி இல்லை. லத்தீன் 'ஓர்டோ'விலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு வரிசை என்றும் பொருள், சமூகப் படித்தரம் என்றும் பொருள். ரோமில் செனட் பிரபுக்கள் ஒரு 'ஓர்டோ', குதிரைவீரர் வகுப்பு இன்னொரு 'ஓர்டோ'. இடைக்கால ஐரோப்பாவில் ஜெபிப்பவர், போரிடுபவர், உழைப்பவர் என்று சமூகத்தை மூன்று 'ஆர்டர்'களாகப் பிரித்தார்கள். பிறகு ஆங்கிலத்தில் கட்டளைக்கும் அதே சொல், அமைதிக்கும் அதே சொல். அவரவர் அவரவர் வரிசையில் நிற்பது, மேலே இருப்பவன் கட்டளையிடுவது, கீழே இருப்பவன் சத்தம் போடாமல் இருப்பது. மூன்றும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

நம்முடைய 'ஒழுங்கு' இதற்குச் சளைத்ததல்ல. அதற்கும் வரிசை என்ற பொருள் உண்டு. யாழ்ப்பாணத்தில் சிறு சந்தை 'ஒழுங்கை' என்கிறார்கள். ஒழுக்கம் என்ற சொல்லும் பக்கத்திலேயே நிற்கிறது. வீட்டில் குழந்தையிடம் 'ஒழுங்கா சாப்பிடு', மருமகளிடம் 'ஒழுங்கா இரு', கூலிக்காரனிடம் 'ஒழுங்கு மரியாதையா போயிடு'. இந்த வாக்கியங்களைக் கீழேயிருந்து மேலே நோக்கிச் சொல்லிப் பாருங்கள், வாய்க்கு வராது. ஒழுங்கு எப்போதும் மேலிருந்து கீழே சொல்லப்படுவது.

கிராமத்தில் இதற்கு இன்னொரு பெயர் 'ஊர்க் கட்டுப்பாடு'. யார் எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம், எந்தப் பிணம் எந்த வழியாகப் போகலாம் என்பதெல்லாம் அதில் அடக்கம். இதற்குப் பிரிவு எண் கிடையாது, கெசட்டில் வராது. ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். 'ஊரு அமைதியா இருந்துச்சு, நீங்க வந்துதான் கெடுத்தீங்க' என்று நம்மிடம் சொல்கிறார்களே, அந்த 'அமைதி'தான் இந்த ஒழுங்கு.

மூன்றாவது சொல் 'அண்ட்'. இதை யாரும் கவனிப்பதில்லை. ஆங்கிலத்திலாவது இரண்டுக்கும் நடுவில் ஒரு இணைப்புச் சொல் நிற்கிறது, இவை இரண்டு பொருள்கள் என்று அது காட்டிக்கொடுக்கிறது. தமிழுக்கு வரும்போது 'சட்டமும் ஒழுங்கும்' என்று வந்திருக்க வேண்டும். 'உம்' உதிர்ந்து 'சட்டம் ஒழுங்கு' என்று ஒரே சொல்லாக ஒட்டிவிட்டது. அதற்கு வினையும் ஒருமையில்தான்: 'சட்டம் ஒழுங்கு கெட்டுப்போச்சு'. எது கெட்டது, சட்டமா ஒழுங்கா என்று கேட்க இந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

3

இந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது? காலனிய ஆட்சியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அதிலும் சென்னை மாகாணத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு.

1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. நில வரி வசூலிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ்நிலை ஊழியர்கள் விவசாயிகளைக் கிட்டி போட்டு விரல்களை நசுக்கினார்கள், அண்ணாந்தாள் போட்டு வெயிலில் நிறுத்தினார்கள் என்று அது பதிவு செய்தது. வரி வசூலும் காவலும் அதே தாசில்தார் கையில் இருந்தன. இரண்டையும் பிரித்துத் தனிக் காவல்துறை அமைக்க 1859இல் மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் வந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1861இல், இந்திய அளவிலான காவல் சட்டம். ஆக, நவீன காவல்துறை பிறந்ததில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன: அரசு ஊழியனின் வன்முறையிலிருந்து குடிமக்களைக் காப்பது, குடிமக்களின் கிளர்ச்சியிலிருந்து அரசைக் காப்பது. முதலாவது சட்டத்தின் வேலை, இரண்டாவது ஒழுங்கின் வேலை. இதில் எது ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

1919 சட்டத்தின் இரட்டை ஆட்சியில் கல்வியையும் சுகாதாரத்தையும் இந்திய அமைச்சர்களிடம் கொடுத்தார்கள். காவல்துறையைக் கொடுக்கவில்லை, அது கவர்னரின் ஒதுக்கப்பட்ட துறை. 1922 டிசம்பரில், சிறையிலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்த சி.ஆர். தாஸ், கயா காங்கிரசின் தலைமையுரையில் 'லா அண்ட் ஆர்டர்' என்ற கோட்பாட்டையே எடுத்து விசாரித்தார். இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் மன்னர்கள் தங்கள் எதேச்சாதிகாரத்துக்குச் சொன்ன நியாயமும் இங்கே வெள்ளை அதிகார வர்க்கம் சொல்லும் நியாயமும் ஒன்றுதான் என்று வரலாற்றிலிருந்து காட்டினார்.

சரி, அப்படிக் கேட்ட காங்கிரசின் கைக்கே காவல்துறை வந்தபோது என்ன நடந்தது? 1937இல் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை. 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயம் ஆக்கப்பட்டதை எதிர்த்து மறியல். காங்கிரஸ்காரர்களின் மறியலை ஒடுக்க வெள்ளையர் 1932இல் கொண்டுவந்த அதே குற்றவியல் திருத்தச் சட்டம் இந்தி எதிர்ப்பு மறியல்காரர்கள்மீது பாய்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைது. பெரியாருக்குச் சிறை. சிறைப்பட்ட நடராசன் 1939 ஜனவரியிலும் தாளமுத்து மார்ச்சிலும் உயிரிழந்தார்கள். ஆள் மாறினாலும் அறை மாறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இதைத் தனிமனித துரோகமாகப் படிப்பது சுலபம். ஆனால் அந்த நாற்காலி தன்னில் உட்காருபவனுக்கு ஒரு மொழியைக் கற்றுக்கொடுக்கிறது என்று படிப்பதே பயனுள்ளது.

4

சுதந்திரத்துக்குப் பின்? நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் முதல் இனத்தில் இருக்கும் சொல் 'பொது ஒழுங்கு'. இரண்டாவது இனம் 'காவல்துறை'. 'லா அண்ட் ஆர்டர் மாநில அரசின் அதிகாரம்' என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்தச் சொற்றொடர் அந்தப் பட்டியலில் இல்லை.

பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' தொடக்கத்தில் இல்லை. அது உள்ளே நுழைந்த கதை சிறுபத்திரிகைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' இடதுசாரி வார ஏடு. 1950இல் அது மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று சென்னை அரசு, 1949ஆம் ஆண்டின் மதராஸ் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்த் தடை போட்டது. சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. அரசின் பாதுகாப்புக்கே ஊறு என்றால் ஒழிய வெறும் பொது ஒழுங்கின் பெயரால் பேச்சைத் தடுக்க முடியாது என்பது அதன் சாரம். மறு வருடமே, 1951இல், முதல் அரசியல் சட்டத் திருத்தம். 'பொது ஒழுங்கு' என்ற சொல் 19(2)இல் சேர்க்கப்பட்டது. ஒரு பத்திரிகையின் தடையை நீதிமன்றம் நீக்கியது; சட்டத்தையே திருத்தி ஒழுங்கை உள்ளே கொண்டுவந்தார்கள்.

அடுத்தது 1965. ராம் மனோகர் லோகியாவை பாட்னாவில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ச் சிறை வைத்தார்கள். விதி சொன்னது 'பொது ஒழுங்கு'. மாவட்ட மாஜிஸ்ட்ரேட் தன் உத்தரவில் எழுதியது 'லா அண்ட் ஆர்டர்'. இரண்டும் ஒன்றா? இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் லோகியாவை விடுவித்தது. நீதிபதி ஹிதாயதுல்லா இதற்கு ஒரு படம் வரைந்து காட்டினார்: ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள். வெளியே பெரிய வட்டம் லா அண்ட் ஆர்டர். அதற்குள் பொது ஒழுங்கு. நடுவில் சின்ன வட்டம் அரசின் பாதுகாப்பு. டீக்கடையில் இரண்டு பேர் அடித்துக்கொள்வது பெரிய வட்டத்தில்தான் நிற்கும். சமூகத்தின் இயல்பு வாழ்க்கையே குலைந்தால்தான் உள்வட்டம். பெரிய வட்டத்துக்குச் சாதாரணக் குற்றச் சட்டமே போதும், அதற்காக யாரையும் விசாரணையில்லாமல் அடைக்க முடியாது.

இந்த வேறுபாடு இன்றைக்கும் சோறு போடும் வேறுபாடு. தமிழ்நாட்டின் குண்டர் சட்டம், அதாவது 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், ஒருவரை ஓராண்டு வரை விசாரணையில்லாமல் அடைத்து வைக்க வழி செய்கிறது. அதற்குப் 'பொது ஒழுங்குக்குப் பங்கம்' என்று காட்ட வேண்டும். பல உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் உடைவது இந்த இடத்தில்தான்: நீங்கள் காட்டுவது வெறும் லா அண்ட் ஆர்டர், பொது ஒழுங்கு அல்ல என்று. உடைகிறது, உண்மை. ஆனால் உடைவதற்குள் மாதங்கள் சிறையில் போய்விடுகின்றன. தீர்ப்பு வரும்போது 'ஒழுங்கு' தன் வேலையை முடித்திருக்கிறது.

5

சட்டமும் ஒழுங்கும் ஒரே பக்கம் நிற்கும்வரை இந்தச் சொற்றொடரில் பிரச்சினை தெரியாது. இரண்டும் எதிரெதிராக நிற்கும்போதுதான் எதற்காக எது விட்டுக்கொடுக்கிறது என்று தெரியும்.

மகாட், 1927. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டாகிவிட்டது. மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தாகிவிட்டது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் தலைமையில் போய்த் தண்ணீர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அடித்தார்கள். டிசம்பரில் மறுபடி குடிக்க முடிவு செய்தபோது, குளம் தனியாருடையது என்று சொல்லி எதிர்த்தரப்பு கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கி வைத்திருந்தது. கலெக்டரும் வந்து பொறுத்திருக்கச் சொன்னார். அம்பேத்கர் தண்ணீர் எடுப்பதைத் தள்ளிவைத்தார், மநுஸ்மிருதியை எரித்தார். வழக்கு 1937இல்தான் உயர் நீதிமன்றத்தில் சாதகமாக முடிந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருடம்.

இது பழைய கதை என்பவர்களுக்கு: மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள். தேர்தலை நடத்த விடவில்லை, அல்லது ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. பத்து வருடம் அரசியல் சட்டம் அந்த ஊர்களுக்குள் நுழையவில்லை. ஆனால் அந்தப் பத்து வருடமும் அங்கே ஒழுங்கு இருந்தது! தலையாரியிலிருந்து கலெக்டர் வரை யாரைக் கேட்டாலும் 'பதற்றம் இல்லை, அமைதியாக இருக்கிறது' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பின்னும் மாறவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். சமாதானக் கூட்டங்கள் நடந்தன, உடன்பாடு வரவில்லை. ஜூன் 7 அன்று வருவாய்க் கோட்டாட்சியர் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார். கோயில் நுழைவுச் சட்டம் இங்கே 1947இலேயே வந்தது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவு 1950இலிருந்து இருக்கிறது. சட்டத்தில் எந்தச் சந்தேகமும் இல்லாத இடத்தில் ஏன் சமாதானக் கூட்டம்? சட்டம் ஒரு தரப்பு, ஊர்க் கட்டுப்பாடு மறுதரப்பு என்று வைத்துக்கொண்டு நடுவில் அரசு நடுநிலையாக உட்காருகிறது. சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய அரசே சட்டத்துக்கும் மீறலுக்கும் நடுவர் ஆகிறது. சீல் வைத்த பூட்டு இரண்டு தரப்புக்கும் பொதுதானே என்பார்கள். ஏற்கனவே உள்ளே இருந்தவனுக்கும் ஒருபோதும் உள்ளே விடப்படாதவனுக்கும் அந்தப் பூட்டு ஒன்றல்ல.

இதன் கடைசி எல்லை துப்பாக்கிச் சூடு. 2018 மே 22, தூத்துக்குடி. தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். 144 போட்டிருந்தார்கள். (2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது 163. வாய் இன்னும் 144 என்றுதான் சொல்கிறது.) சுட்டதில் 13 பேர் செத்தார்கள். சுட உத்தரவு கொடுத்ததாகப் பதிவானவர்கள் துணை வட்டாட்சியர்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சூழ்நிலை துப்பாக்கிச் சூட்டை அவசியமாக்கவில்லை என்று சொல்லி, 17 காவல்துறையினர்மீது நடவடிக்கைக்கு அது பரிந்துரைத்தது. சட்டம் பேச நாலு வருடம் ஆனது. ஒழுங்குக்குச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தன.

6

இது இந்திய நோய் மட்டும் அல்ல. அமெரிக்காவில் கறுப்பர்களின் குடியுரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோதுதான் 'லா அண்ட் ஆர்டர்' தேர்தல் முழக்கமானது: 1964இல் கோல்ட்வாட்டர், 1968இல் நிக்சனும் வாலஸும். இனத்தைப் பெயர் சொல்லாமல் இனத்தைப் பற்றிப் பேச அது வசதியாக இருந்தது. அதற்கு முன்பே, 1963இல், ஊர்வலத் தடையாணையை மீறி பர்மிங்ஹாம் சிறையிலிருந்த மார்ட்டின் லூதர் கிங், நல்லெண்ணம் கொண்ட வெள்ளையரே தன் பெரிய ஏமாற்றம் என்று எழுதினார். அவர்கள் நீதியைவிடச் சலசலப்பின்மையை நேசித்தார்கள். 2020 ஜூனில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களைப் பார்த்து, 'நான் லா அண்ட் ஆர்டர் ஜனாதிபதி' என்றார் டிரம்ப். 2021 ஜனவரி 6இல் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு 2025இல் மன்னிப்புக் கொடுத்தவரும் அவரே. யார் கலைத்தார்கள் என்பதைப் பொறுத்ததுதான் ஒழுங்கு.

பிரிட்டனில் ஸ்டூவர்ட் ஹாலும் தோழர்களும் 1978இல் எழுதிய 'போலீசிங் தி கிரைசிஸ்' இதைக் கோட்பாட்டாக்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் வழிப்பறி பற்றிப் பத்திரிகைகள் கிளப்பிய பீதி, பொருளாதார நெருக்கடியின் கோபத்தைக் கறுப்பு இளைஞர்கள் பக்கம் எப்படித் திருப்பியது என்று அந்த நூல் காட்டியது. அவர்கள் சொல்லும் முக்கியமான செய்தி இது: லா அண்ட் ஆர்டர் மேலிருந்து திணிக்கப்படுவதோடு நிற்பதில்லை. கீழே இருப்பவர்களின் உண்மையான பயத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களின் சம்மதத்தையும் பெற்றுவிடுகிறது. கிராம்சி சொன்ன மேலாண்மை இதுதான்.

7

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். 'ஏழைக்கும் பெண்ணுக்கும் தலித்துக்கும்தானய்யா ஒழுங்கு அதிகம் தேவை? ராத்திரி ஊர் கூடி அடிக்க வரும்போது போலீஸ் வேண்டாம் என்பீர்களா?' வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடி வாங்கியவர் ஸ்டேஷனில் எதைக் கேட்கிறார் என்று கவனியுங்கள். புகாரை எழுது, எஃப்ஐஆர் நகல் கொடு, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு போடு, கடமை தவறிய அதிகாரிமீது 4ஆவது பிரிவில் நடவடிக்கை எடு. இவை அத்தனையும் சட்டம். அவருக்குக் கிடைக்கும் பதில் ஒழுங்கு: 'ரெண்டு பக்கமும் பேசி முடிச்சிக்குங்க. கவுன்ட்டர் கேஸ் ஆயிடும்.'

நம்மையும் விட்டுவைக்கக் கூடாது. நம் துண்டறிக்கைகளிலும் 'சட்டம் ஒழுங்கைக் காக்கத் தவறிய அரசே' என்று எழுதுகிறோம். சாதி வெறியர்கள் தாக்கினால் 'குண்டர் சட்டத்தில் போடு' என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். விசாரணையில்லாமல் அடைக்கும் சட்டம் நல்லது, ஆள்தான் மாற வேண்டும் என்று இதற்குப் பொருள். அடுத்த முறை அதே சட்டம் நம் தோழர்மேல் வரும்போது அந்தச் சுவரொட்டி நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே எழுதுகிறவர்கள் செய்யக்கூடிய ஒரு சின்ன காரியம் உண்டு. தொலைந்த அந்த 'உம்'மைத் திரும்பப் போடுவது. சட்டம் மீறப்பட்டது என்றால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யார் மீறியது என்று எழுதுவோம். ஒழுங்கு கெட்டது என்றால் யாருடைய ஒழுங்கு, அதை யார் போட்டது என்று கேட்போம். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்போம். எழுத்தில் வரும்போது 'லா அண்ட் ஆர்டர்' ஒரு பிரிவு எண்ணாக மாறியாக வேண்டும், பிரிவு எண்ணோடு கோர்ட்டுக்குப் போகலாம். வாய்ப்பேச்சில் வரும் 'ப்ராப்ளம்' என்பதோடு எங்கும் போக முடியாது.

அடுத்த முறை அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது, 'ப்ராப்ளம் ஆயிடும் சார்' என்று அவர் சொன்னால், மரியாதையாகவே கேட்கலாம்: 'எது சார் கெட்டுப்போவும், சட்டமா, ஒழுங்கா?'